ஊசியைவிட நம்ம கேலிதான் வலிக்குது!



போன மாசம் நம்ம பள்ளியில் சிக்கிள் செல் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வந்தாங்க இல்லையா? அன்னைக்கு எங்க வகுப்பில் மட்டும் ஆறு பேர் லீவு. மறுநாள் ஒருத்தியிடம், "ஊசின்னா அவ்வளவு பயமா?" என்று கேட்டேன். "ஊசிக்குப் பயம் இல்லடி. எனக்கு இருக்குன்னு தெரிஞ்சா நீங்க எல்லாரும் கேலி பண்ணுவீங்களே, அதுக்குத்தான்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பி.டி. பீரியடில் மூச்சு வாங்கி உட்கார்ந்தால் 'சோம்பேறி' என்று பட்டப்பெயர் வைப்பது நாமதானே?

அரிவாள் செல் ரத்தசோகை ஒட்டுவாரொட்டி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய். வட்டத் தட்டு மாதிரி இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயை அடைத்துக்கொள்ளும். அப்போது வரும் வலி நடிப்பு இல்லை!

ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கேரியர். பொதுவாக அவருக்கு நோய் இருக்காது. ஆனால் கணவன், மனைவி இருவருமே கேரியர் என்றால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு உண்டு. இதை டெஸ்ட் எடுக்காமல் எப்படித் தெரிஞ்சுக்க முடியும்?

"அது ஆதிவாசிங்க நோய்" என்று சிலர் பேசுகிறார்கள். இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நம்ம நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான். ஆனால் அதற்கு முன்பே, 1910-ல், அமெரிக்காவின் சிகாகோவில் ஒரு டாக்டர் இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆப்பிரிக்காவிலும் இது நிறைய உண்டு. மலேரியா அதிகமாக இருந்த இடங்களில், கேரியர்களுக்கு அந்த மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது. அதனால்தான் இந்த மரபணு அங்கே நிலைத்தது. இதில் யார் மேல் என்ன தப்பு?

2023 ஜூலை 1-ல் மத்திய அரசு இதற்கென ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. 7 கோடி பேருக்குப் பரிசோதனை, 2047-க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை வலியைக் குறைக்கிறது. எல்லாம் இருந்தும், கேலிக்குப் பயந்து பிள்ளைகள் லீவு போட்டால் என்ன பயன்?

ஆசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: ரிசல்ட்டை வகுப்பில் சத்தமாக வாசிக்காதீங்க. நோய் உள்ளவர்களை நடுவில் தண்ணீர் குடிக்க விடுங்க. குளிரில் ஓடச் சொல்லாதீங்க.

நண்பர்களே, அடுத்த முறை யாரும் லீவு போட வேண்டாம். நான் டெஸ்ட் எடுத்துக்கிட்டேன். என் ரிசல்ட்டை நானே சொல்றேன்: நான் கேரியர்!

கேலி பண்ணணும்னா முதலில் என்னைப் பண்ணுங்க, பார்ப்போம்!

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– 11-ஆம் வகுப்பு மாணவி