ஜெராக்ஸ் கடையில் ஜான்சன் விதி

புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கக் கடைசி நாள். நாலு மணிக்கு டிபார்ட்மென்ட் ஆபீஸை மூடிவிடுவார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கல்லூரி எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவோடு ஐந்து பேர் நிற்கிறோம். (ஒரு வாரம் முன்னாடியே முடித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் எஞ்சினியரிங் படிக்காதவர்கள்.)

கடையில் இரண்டு பேர். அண்ணன் பிரிண்ட் எடுப்பார், தம்பி பைண்டிங் போடுவான். பிரிண்ட் முழுதும் வந்த பிறகுதான் பைண்டிங். கலர் படம் நிறைய இருந்தால் பிரிண்ட் இழுக்கும். காப்பி அதிகம் என்றால் பைண்டிங் இழுக்கும். அண்ணனிடம் கேட்டு, வந்த வரிசைப்படி எழுதிக்கொண்டேன்:

முதல் ஆள்: பிரிண்ட் 30 நிமிடம், பைண்டிங் 10
இரண்டாம் ஆள்: பிரிண்ட் 20, பைண்டிங் 5
மூன்றாம் ஆள்: பிரிண்ட் 25, பைண்டிங் 25
நான்காம் ஆள்: பிரிண்ட் 5, பைண்டிங் 20
ஐந்தாம் ஆள் (அடியேன்): பிரிண்ட் 10, பைண்டிங் 15

வந்த வரிசையிலேயே போனால் முதல் 30 நிமிடம் தம்பி ஈ ஓட்ட வேண்டியதுதான். நடுநடுவிலும் சும்மா இருப்பான். கடைசியில் எல்லா பைண்டிங்கும் அவன் தலையில் விழும். என் ரிப்போர்ட் கைக்கு வர 135 நிமிடம், அதாவது 4.15. நான்காம் ஆளுக்கு சரியாக 4.00. இரண்டு பேரும் காலி.

அப்போதுதான் படித்தது ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் எஸ்.எம். ஜான்சன் என்பவர் 1954-ல் அந்நாட்டுக் கடற்படையின் ஆய்விதழ் ஒன்றில் இதே கணக்குக்கு விடை எழுதியிருக்கிறார். விதி ரொம்ப எளிது. எல்லா எண்களிலும் சிறியதைப் பார். அது முதல் கட்ட வேலையின் நேரம் என்றால் அந்த ஆளை முன்னால் தள்ளு. இரண்டாம் கட்டத்தின் நேரம் என்றால் பின்னால் தள்ளு. அவரை நீக்கிவிட்டு மிச்சத்துக்கும் இதையே செய். ஐந்து பேரை 120 விதமாக நிறுத்தலாம். ஆனால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

காரணமும் எளிதுதான். சின்ன பிரிண்ட் முதலில் போனால் தம்பிக்குச் சீக்கிரம் வேலை வந்துவிடும். சின்ன பைண்டிங் கடைசியில் இருந்தால், பிரிண்ட் எல்லாம் முடிந்த பிறகு காத்திருக்கும் நேரம் குறையும்.

நம் கணக்குக்கு விடை 4, 5, 3, 1, 2. மொத்தம் 95 நிமிடம், மணி 3.35. இதைவிடக் குறைக்க யாராலும் முடியாது. பிரிண்ட் மட்டுமே 90 நிமிடம், அதற்குப் பிறகு குறைந்தது ஒரு 5 நிமிட பைண்டிங்காவது இருக்குமே!

பேப்பரைத் தூக்கிக் காட்டினேன். "மச்சி, நீ எங்கேயோ போயிட்டடா" என்றான் நான்காம் ஆள். அண்ணனும் சரி என்றார். ஐந்து பேரும் நாலு மணிக்குள் ரிப்போர்ட் கொடுத்துவிட்டோம். சுபம்.

சுபம் இல்லை. இரண்டாம் ஆள் மாலையில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறவன். மூன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும். வரிசைப்படி விட்டிருந்தால் 2.55-க்குக் கிளம்பியிருப்பான். நான் கடைசியில் தள்ளியதால் 3.35 வரை நின்றான். அன்றைய சம்பளம் போச்சு. ஏன்டா சொல்லவில்லை என்று மறுநாள் கேட்டேன். "நீ கணக்கு போட்டு நிரூபிச்சிட்ட, நான் என்னத்த சொல்றது" என்றான். சுருக்கென்றது.

ராத்திரி மறுபடி பேப்பரை எடுத்தேன். 4, 5, 2, 3, 1 என்று போட்டுப் பார்த்தேன். இரண்டாம் ஆள் 2.45-க்கே கிளம்பலாம். மொத்தம் 100 நிமிடம். முதல் ஆள் ஹாஸ்டல்காரன், அவசரமே இல்லாதவன், அவன் 3.40 வரை நின்றால் போதும். அப்போதும் எல்லோரும் நாலு மணிக்குள் ஆபீஸில். அதாவது "யாருக்காவது சீக்கிரம் போகணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவு வெறும் 5 நிமிடம். ஒரு டீ குடிக்கும் நேரம்.

ஜான்சன் மேல் தப்பில்லை. கடைசி ஆள் எப்போது முடிப்பான் என்ற ஒரு கேள்விக்குத்தான் அவர் பதில் சொன்னார். ஐந்து ரிப்போர்ட்டும் ஒரே கட்டாகப் போக வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அவர் விதியைப் போடலாம். ஆனால் வரிசையில் நிற்பது பேப்பர் கட்டு இல்லையே. ஒவ்வொருவனுக்கும் ஒரு பஸ், ஒரு வேலை, ஒரு வீடு இருக்கிறது. அதெல்லாம் நான் எழுதிய இரண்டு எண்களுக்குள் வரவில்லை.

இன்னொன்று. மூன்று கட்ட வேலை என்றால் இப்படி எளிய விதி எதுவும் எல்லா நேரமும் கைகொடுக்காது. அது என்.பி. கடினம் என்று 1976-ல் கேரி, ஜான்சன் (இவர் வேறு ஜான்சன்), சேத்தி மூவரும் காட்டிவிட்டார்கள். கம்பைலர் பாடத்துக்கு நாம் சுமக்கும் டிராகன் புத்தகத்தின் அதே சேத்திதான். அங்கே ஓரளவு நல்ல விடையே போதும் என்று கம்ப்யூட்டரே சமாதானமாகிவிடுகிறது. இரண்டு கட்டத்தில் மட்டும் கடைசி 5 நிமிடத்துக்காக நான் ஏன் அடம்பிடித்தேன்?

நாளைக்கு நம்மில் பலர் இந்த மாதிரி வரிசை போடும் புரோகிராம்தான் எழுதப் போகிறோம், ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும். எதைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் முன், நிற்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். வந்த வரிசையைக் கலைப்பவனுக்கு அந்தக் கடமை உண்டு என்பது என் கட்சி. கலைத்ததால் லாபம் அடைந்தவனாகவும் அவன் இருந்தால் (என்னைப் போல) இரட்டிப்புக் கடமை.

இரண்டாம் ஆளுக்கு அந்த வாரம் முழுக்க டீ என் கணக்கில். அது சம்பளத்துக்கு ஈடாகாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.