பெருக்குவது எது?

தமிழில் ஸ்பீக்கரை ஒலிபெருக்கி என்கிறோம். உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை. வந்துசேரும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகத் தொலைத்துவிட்டு, மிச்சத்தைக் காற்றின் அசைவாக மாற்றுகிறது, அவ்வளவுதான். பெருக்கும் வேலை ஆம்ப்ளிஃபயருடையது. சொல்லில் உள்ள இந்தக் குழப்பம் கடைவரைக்கும் வந்துவிடுகிறது. நல்ல ஸ்பீக்கருக்கு லட்சங்களைக் கொடுத்தவர்கூட ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகையில் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை வாட்? அதை மூன்றாவதாகக் கேட்டால் போதும் என்பது என் கட்சி.

ஸ்பீக்கர்கள் இரண்டு விதமாக அடம்பிடிக்கின்றன. ஒருவகை, கொடுத்த மின்சாரத்துக்கு ஒலியைக் கஞ்சத்தனமாகத் தருவது. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்துக்காக 1970களில் பிபிசி உருவாக்கிய எல்எஸ் 3/5ஏ இவ்வகை. 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 83 டெசிபல்தான். ஆனால் அதன் மின்மறுப்பு, அதாவது இம்பீடன்ஸ், தொடக்கத்தில் 15 ஓம், பின்னாளில் 11. மின்னோட்டத்தை அதிகம் இழுக்காது. சோம்பேறிக் காளை, ஆனால் முட்டாது. எளிய வால்வு ஆம்ப்ளிஃபயரோடும் இணங்கிப்போகும்.

இரண்டாவது வகைதான் வில்லங்கமானது. அட்டையில் 8 ஓம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஒரு பெயரளவு எண். சுருதிக்குச் சுருதி மின்மறுப்பு ஏறி இறங்கும்; சில இடங்களில் 3, 2 என்று சரியும். கணக்கைப் பாருங்கள். 8 ஓமில் 100 வாட் என்றால் சுமார் 28 வோல்ட், 3.5 ஆம்பியர். அதே 28 வோல்ட்டை 2 ஓமில் நிறுத்திவைக்க 14 ஆம்பியர் வேண்டும். 1 ஓம் என்றால் 28 ஆம்பியர், 800 வாட். 1980களின் நடுவில் அமெரிக்காவில் அப்போஜி நிறுவனம் வெளியிட்ட சிண்டிலா உண்மையிலேயே 1 ஓம் ஸ்பீக்கர். காற்றை அசைப்பவை அலுமினியப் பட்டைகள். அவற்றின் மின்தடை இயல்பிலேயே குறைவு. பெயர்பெற்ற ஆம்ப்ளிஃபயர்கள் பல அதன்முன் மண்டியிட்டன. டான் டி'அகோஸ்டினோவின் கிரெல் புகழ்பெற்றதற்கு இத்தகைய ஸ்பீக்கர்களை அது அசராமல் இழுத்ததும் ஒரு காரணம். என்னைக் கேட்டால், அப்படியொரு ஸ்பீக்கரை வடிவமைத்தவர் தன் சிக்கலை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டார் என்றே சொல்வேன். சிண்டிலாவின் ரசிகர்கள் மன்னிக்க.

இதோடு மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே தாளத்தில் நடப்பதில்லை என்ற தொல்லையும் உண்டு. ஒன்று முந்த மற்றது பிந்தும்போது வெப்பம் டிரான்சிஸ்டர்களின் தலையில் விடிகிறது. பாதுகாப்புச் சுற்று குறுக்கிடுகிறது. 1987ல் மட்டி ஓட்டாலாவும் ஹுட்டுனெனும் வெளியிட்ட ஆய்வில், சில ஸ்பீக்கர்கள் உச்சத்தில் 8 ஓம் மின்தடை இழுப்பதைப்போல ஆறு மடங்குக்கும் மேல் இழுத்தன. அவர்கள் செலுத்தியது வேண்டுமென்றே தேர்ந்த கடும் சமிக்ஞை, இசையில் அவ்வளவு நேராது என்று மறுப்பவர்கள் உண்டு. நியாயமான மறுப்புதான். ஆயினும் பாதியளவு நேர்ந்தாலே பல ஆம்ப்ளிஃபயர்கள் திணறும்.

எனவே முதல் கேள்வி: ஸ்பீக்கரின் மின்மறுப்பு எங்கே, எவ்வளவு தாழ்கிறது? இரண்டாவது: 8 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் 4 ஓமில் 200ஐ நெருங்குகிறதா, 2 ஓமில் என்ன தருகிறது? கடைசி எண்ணைப் பற்றி விளம்பரத்தாள் மௌனம் சாதித்தால் அந்த மௌனமே பதில். வாட் அதன் பிறகு. உங்கள் நாற்காலியில் 1 வாட்டுக்கு 80 டெசிபல் கிடைக்கிறது, வாத்தியக் குழு அதற்குமேல் 20 டெசிபல் எழும்புகிறது என்றால் அந்தக் கணத்துக்கு 100 வாட் தேவை. டெசிபல் அப்படித்தான், பத்துக்குப் பத்து மடங்கு கேட்கும்.

பலம் மட்டும் போதுமா என்றால், அதுவுமில்லை. 1957ல் வந்த க்வாட் நிலைமின் ஸ்பீக்கர் உச்சஸ்தாயியில் 2 ஓமுக்கு அருகில் இறங்குவது. அதனுடன் அன்று இணைந்தது 15 வாட் க்வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர். அதே பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1975ல் கொண்டுவந்த 100 வாட் 405ஐ மட்டுப்படுத்தாமல் பூட்டினால், அதீத மின்னழுத்தத்தில் தகடுகளுக்குள் பொறி பறந்து ஸ்பீக்கரே பழுதாகலாம்.

வால்வுக்கு ஓர் இனிமை, டிரான்சிஸ்டருக்கு ஒரு வறட்சி என்று எழுதுவோரிடம் எனக்குப் பிணக்கு உண்டு. 1978ல் ஜேம்ஸ் மோயர் க்வாடின் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் 303, 405 ஆகிய இரண்டையும் எது எதுவெனத் தெரியாதபடி கேட்கவைத்தார். நம்பத்தக்க விதத்தில் யாராலும் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு 'எல்லாம் ஒன்றே' என்பதும் அவசரம். வெளியீட்டு மின்மறுப்பு 2 ஓம் உள்ள வால்வு ஆம்ப்ளிஃபயரை, 4க்கும் 20க்கும் இடையே ஊசலாடும் ஸ்பீக்கரோடு சேர்த்தால் சுருதிகளுக்கிடையே ஏறத்தாழ 2.7 டெசிபல் ஏற்றத்தாழ்வு விழும். அது காதுக்கு எட்டும். பலர் 'இனிமை' என்பது இந்தக் கோணலைத்தான். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், உண்மை ஒலி என்று பிறருக்கு விற்கவேண்டாம்.

இன்று புரூனோ புட்சேஸ் போன்றோரின் கிளாஸ் டி வடிவமைப்புகள் வந்தபின், 2 ஓமைத் தாங்க முப்பது கிலோ இரும்பைத் தூக்கிவரும் கட்டாயம் இல்லை. மிச்சமாகும் பணத்துக்கு இசைத்தட்டு வாங்கலாம்.