எந்த வகுப்பில் திரும்பப் போகிறீர்கள்?

வீட்டுக்கு யார் வந்தாலும் "இன்னும் ரெண்டே வருஷம், ஊரோட போயிடுவோம்" என்கிறீர்களே, பக்கத்து அறையிலிருந்து அதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று என்றைக்காவது எட்டிப் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. டாலஸ் பக்கம் பதினாறு வருஷம் குப்பை கொட்டினோம், வருஷா வருஷம் இதே பாட்டுதான். வீட்டுக் கடன் அடையட்டும், கிரீன் கார்டு கைக்கு வரட்டும், போனஸ் மாதம் தாண்டட்டும். மகனுக்கு எட்டு வயதிருக்கும்போது கால்பந்துக் குழுவில் சேர்க்கப் போனேன். வரமாட்டேன் என்றான். ஏன்டா என்றால், "நாமதான் போயிடுவோமே?"

அதற்கப்புறம் ஆறு வருஷம் அங்கேதான் இருந்தோம்.

எனவே, அப்பா அம்மாக்களே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். திரும்பும் தேதியை நிர்ணயிப்பது உங்கள் சேமிப்புக் கணக்கு அல்ல, பிள்ளையின் வகுப்பு. 401கே பணம் இன்னும் மூன்று வருஷம் காத்திருக்கும். ஆறாம் வகுப்பு காத்திருக்காது.

நாங்கள் 2022 ஜூனில் மதுரைக்கு வந்தபோது அவன் ஒன்பதாம் வகுப்பு. டெக்சாஸில் பள்ளி முடிவதே மே கடைசி. இங்கே சிபிஎஸ்இ பள்ளிகளில் ஏப்ரலிலேயே பாடம் ஆரம்பித்திருந்தது, போன இடமெல்லாம் இடம் இல்லை. கடைசியில் ஒரு மெட்ரிக் பள்ளி கிடைத்தது. தமிழ் கட்டாயம் என்றார்கள். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, பத்து வரை வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்குத் தெரியாத செய்தி இல்லை. "நம்ம பையன்தான் நல்லா தமிழ் பேசுறானே" என்ற மிதப்பில் இருந்தேன். அப்பத்தாவோடு போனில் அரை மணி நேரம் வாயடிப்பவனுக்கு என்ன குறை?

முதல் இடைப்பருவத் தேர்வுத் தாளை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான். எடுத்துப் பார்த்தேன். விடை ஒன்றுகூட இல்லை. கேள்விகளையே பார்த்துப் பார்த்து வரைந்திருந்தான். ஆமாம், எழுதவில்லை, வரைந்திருந்தான். ஒற்றைக் கொம்பை எழுத்துக்கு முன்னால் போடாமல் பின்னால் ஒட்டியிருந்தான். 'ண'வுக்கு இரண்டு சுழியா மூன்றா என்று அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகியிருந்தது. ராத்திரி அதே கேள்விகளை நான் வாசித்துக் காட்டினேன். இரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் வாயால் பதில் சொன்னான்.

பிளேனோ பக்கம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கா பஞ்சம்? சனிக்கிழமை நீச்சலுக்கும் செஸ்ஸுக்கும் காரை எடுக்கத் தெரிந்த எனக்கு, இதற்கு மட்டும் 'ஊருக்குப் போனா தானா வந்துடும்' என்று தோன்றியது. பேச்சு தானாக வரும். எழுத்து வராது.

அடுத்து ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள நம் பிள்ளைகளுக்கு இந்தியா தரும் 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' அட்டை. அவனுக்கு ஐந்து வயதானபோது விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி மூடி வைத்தேன். விசா எடுத்து வந்து போகிறோமே, என்ன அவசரம்? கிளம்புகிற அவசரத்தில் 2022-இல்தான் வாங்கினேன். 2021 மார்ச் 4 அன்று மத்திய அரசின் அறிவிக்கை ஒன்று வந்திருந்ததை அப்போது கவனிக்கவில்லை. நீட், ஜேஇஇ எழுதும் ஓசிஐ பிள்ளைகளுக்கு இனி என்ஆர்ஐ இடங்களும் கூடுதலாக ஒதுக்கும் இடங்களும் மட்டும்தான் என்றது அது. பிறகு 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்றது. என் மகன் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். பாதி நிரப்பிய அந்த விண்ணப்பம் இன்னும் என் பழைய லேப்டாப்பில் கிடக்கிறது. பெயர் நீளமாக இருந்தாலும் அந்த அட்டை குடியுரிமை இல்லை. ஓட்டும் கிடையாது, அதை வைத்து விவசாய நிலமும் வாங்க முடியாது. தாத்தாவின் தோப்பையொட்டி இரண்டு ஏக்கர் பேரன் பேரில் வாங்கலாம் என்று கனவு காண்பவர்கள் இப்போதே விழித்துக்கொள்ளுங்கள்.

காகிதச் சண்டைகளை விலாவாரியாகச் சொன்னால் பக்கம் போதாது. இங்கே டிசி கேட்டார்கள். அமெரிக்கப் பள்ளிக்கு அப்படியொரு வஸ்துவே தெரியாது, மதிப்பெண் பட்டியலை மெயிலில் தட்டிவிட்டார்கள். முத்திரை இல்லாத காகிதம் எங்களுக்கு எதற்கு என்றார் இங்கே எழுத்தர். நோட்டரி கையெழுத்து வாங்கி, மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் போட, ஒரு நண்பர் எங்களுக்காக ஆஸ்டின் வரை காரோட்டினார். கிளம்புவதற்கு முன் ஒரு வாரத்தில் நானே முடித்திருக்க வேண்டிய வேலை. தடுப்பூசி அட்டையைப் பார்த்த மதுரை டாக்டர், பையனின் இடது தோளைத் திருப்பி, "பிசிஜி தழும்பு எங்கம்மா?" என்றார். அங்கே அதை வழக்கமாகப் போடுவதில்லை. வங்கிக் கணக்கு, வரி எல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அது பணம், எப்படியும் நீங்கள் மறக்கப் போவதில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஊருக்கு வந்த பிறகும் பெட்டியைப் பிரிக்காதவர்கள். "ஒத்துவரலைன்னா திரும்பிப் போயிடலாம்" என்பார்கள். அங்கே இருந்தபோது பாடிய அதே பாட்டு, திசைதான் வேறு. கிரீன் கார்டோடு ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே தங்குவதென்றால் ரீஎன்ட்ரி பெர்மிட் வேண்டும், அதற்கு அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும், கிடைத்தாலும் இரண்டு வருஷம்தான் தாங்கும். அதற்குள் முடிவெடுங்கள். பத்தாம் வகுப்பின் நடுவில் பிள்ளையை மறுபடி விமானத்தில் ஏற்றாதீர்கள்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு வருஷம், மாதம், வகுப்பு மூன்றையும் பிள்ளையிடமே சொல்லுங்கள். அழுதால் அழட்டும், கூட உட்கார்ந்திருங்கள். போகப் போவதில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். கால்பந்துக் குழுவுக்காவது பெயர் கொடுப்பான்.