அலமாரிகள் கட்டிய நகரம்

எழும்பூர் பாந்தியன் சாலையில் காலையிலேயே இளைஞர் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், சிலரிடம் மதியச் சாப்பாட்டு டப்பா. எல்லோரும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். கன்னிமாரா நூலகத்தின் கதவு திறந்ததும் இடம் பிடித்தாக வேண்டும். அதே வளாகத்தில், சில நிமிட நடைத் தொலைவில், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் நிற்கிறார். சோழர் காலச் சிற்பிகள் வார்த்த செப்புத் திருமேனிகளில் ஈடு சொல்ல முடியாத ஒன்று அது. கூட்டத்தில் இருந்த ஓர் இளைஞரிடம் அண்மையில் பேசிக்கொண்டிருந்தோம். ஆறு மாதமாக அன்றாடம் வருகிறார். பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அங்க எனக்கு என்ன வேலை இருக்கு சார்?” என்றார்.

அந்தக் கேள்வியில் எகத்தாளம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இந்தத் தலையங்கத்தை அவருக்கான பதிலாகவே எழுதுகிறோம்.

அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. எழும்பூரின் இந்தச் சிவப்புக் கட்டடங்கள் நம்மைக் கேட்டு எழுப்பப்பட்டவை அல்ல. ஓவியப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியது. அருங்காட்சியகம் 1851இல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கியது. இருவருமே வெள்ளையர் அரசில் பணியாற்றிய மருத்துவர்கள். கன்னிமாரா 1896இல் திறக்கப்பட்டது. ஒரு கவர்னரின் பெயரையே இன்றும் சுமந்து நிற்கிறது. ஆளவந்தவர்கள் தாங்கள் ஆண்ட நிலத்தை எண்ணிப் பார்க்கவும் வகைப்படுத்தி வைக்கவும் கட்டிய கூடங்கள் இவை. அமராவதிச் சிற்பங்களில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது, இன்னொரு பங்கு லண்டனில் இருக்கிறது என்பதே அந்த வரலாற்றைச் சொல்லிவிடும்.

ஆனால் சென்னையின் பண்பாட்டு நிறுவனங்களின் கதை அத்தோடு முடியவில்லை. அந்தக் கதையை மேலும் எழுதியவர்கள் சாதாரண மனிதர்கள். அவர்களிடம் அதிகாரம் இல்லை, பெரும் பணமும் இல்லை. வீட்டில் ஓர் அலமாரி இருந்தது. அதில் வைத்ததைத் தூக்கி எறிய மனம் வராத பிடிவாதம் இருந்தது.

கன்னிமாராவுக்குள்ளேயே அதற்குச் சான்று இருக்கிறது. மறைமலையடிகள் தம் வருமானத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த நூல்களைத் தமக்குப் பின் பொதுமக்களுக்கு விட்டுச்சென்றார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை 1958இல் அவற்றைக் கொண்டு லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு நூலகம் அமைத்தார். இன்று அந்த நூலகம் கன்னிமாரா வளாகத்தில் இயங்குகிறது. ஓர் அறிஞரின் வீட்டு அலமாரி கவர்னர் பெயர் தாங்கிய மாளிகைக்குள் குடிவந்திருக்கிறது.

உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, செல்லரித்த ஓலைகளுக்காகப் பலருடைய வீட்டுத் திண்ணைகளில் காத்திருந்தார். 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அந்த அலைச்சலால் அச்சேறின. அவர் 1942இல் மறைந்தார். அவர் திரட்டிய சுவடிகளையும் நூல்களையும் கொண்டு, மறு ஆண்டே ருக்மிணி தேவி அருண்டேல் ஒரு நூலகம் தொடங்கினார். பெசன்ட் நகரில் கடலுக்கு அருகே இருக்கும் அந்த நூலகத்தை அதே தெருவில் நடைப்பயிற்சி போகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

ரோஜா முத்தையா செட்டியார் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். அறிஞர்கள் பொருட்படுத்தாததையெல்லாம் அவர் சேர்த்தார். காலணாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ், நின்றுபோன இதழ்கள் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கியது. ஆனால் அதைக் கடல் கடத்தவில்லை. சென்னைக்குக் கொண்டுவந்து 1994இல் நூலகமாகத் திறந்தது. தரமணியில் இருக்கும் அந்த நூலகம் இல்லாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுலகத்தைப் பற்றி இன்று யாரும் ஓர் ஆய்வேடு எழுத முடியாது. குப்பை என்று பிறர் ஒதுக்கியதைக் காகிதம் காகிதமாக எடுத்து வைத்த ஒருவரால் நமக்கு ஒரு வரலாறு கிடைத்திருக்கிறது.

ஏற்கெனவே இருந்த மேடைகள் போதாதென்று உணர்ந்தவர்கள் உருவாக்கிய நிறுவனங்களும் உண்டு. 1927 காங்கிரசு மாநாட்டை ஒட்டி எடுத்த முடிவால் 1928இல் மியூசிக் அகாடமி வந்தது. அந்த மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் இல்லையே என்ற குறையிலிருந்து 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. ஓவியம் படித்து முடித்த மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைக் கண்டு கே.சி.எஸ். பணிக்கர் கலங்கினார். அவரும் தோழர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்மேட்டு நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. சபா நாடகங்களின் சிரிப்புத் தோரணங்களில் நிறைவு காணாத ந. முத்துசாமி தெருக்கூத்தில் தமிழ் நாடகத்தின் வேரைக் கண்டார். புரிசை கண்ணப்பத் தம்பிரானைப் போன்ற கூத்தாசிரியர்களிடமிருந்து கற்றுக்கொண்டார். அதன் விளைவு 1977இல் தோன்றிய கூத்துப்பட்டறை.

முத்துசாமி ‘நடை’ என்ற சிற்றிதழில் எழுதியவர். ஆதிமூலம் உள்ளிட்ட சென்னை ஓவியர்கள் சிற்றிதழ்களுக்குக் கோட்டோவியம் வரைந்தார்கள். ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனார். இவர்களுக்கு ஓவியமும் நாடகமும் கவிதையும் தனித்தனித் தெருக்களாக இருக்கவில்லை. ஒருவர் கூடத்துக்கு மற்றவர் போனார். ஒருவர் வேலையை மற்றவர் பார்த்தார். அந்தப் போக்குவரத்து இன்று குறைந்திருக்கிறது. கவிஞர் ஓவியக் காட்சிக்குப் போவதில்லை. நாடகக்காரர் நூலகத்துக்கு வருவதில்லை. மார்கழியில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் நிரம்பி வழிகின்றன; தை பிறந்தால் நாற்காலிகள் தனியாகக் கிடக்கின்றன. 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரமாகச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெருமை ஒரு மாதத்துக்கும் சில தெருக்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்துவிடக் கூடாது.

தூரமும் கூடியிருக்கிறது. நகரத்தின் நடுவில் கூவம் கரையில் வாழ்ந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்விட்டோம். வீட்டோடு சேர்த்து, எழும்பூருக்கு நடந்து வரக்கூடிய தொலைவையும் அந்தக் குழந்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டோம். இரண்டு பேருந்து மாறி வந்து சேர்ந்தாலும் மாலையிலேயே கதவு சாத்திவிடும் கூடங்கள் வேலைக்குப் போகிற அவர்களுடைய பெற்றோருக்குப் பயன்படாது.

எதிர்த் திசையில் நடந்தவர்களும் இருக்கிறார்கள். 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பின் நடுவே மேடை போட்டுக் கர்நாடக இசையும் பறையும் கூத்தும் ஒரே விழாவில் ஒலித்தன. டி.எம். கிருஷ்ணா போன்ற பாடகர்களும் குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்திய விழா அது. கச்சேரி யாருக்கு உரியது, எந்த மண்ணில் நடக்க வேண்டும் என்ற கேள்வியை மேடை மேலேயே எழுப்பியது. நிறுவனம் மக்களிடம் போக முடியும் என்பதற்கு அந்த மணல் சாட்சி.

நிறுவனங்களை நடத்துகிறவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறோம். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணிவரை திறந்து வையுங்கள். ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் அருகில், பள்ளிப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் நான்கு வரி எழுதி வையுங்கள். பெயரும் நூற்றாண்டும் மட்டும் போதாது. நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது வண்டி வைத்து அழைத்து வாருங்கள்.

வாசகர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பெறும் நான்கு நூலகங்களில் கன்னிமாரா ஒன்று. சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், சிற்றிதழ் நடத்துகிற ஒவ்வொருவரும் இதழ்தோறும் ஒரு படியை அங்கே சேர்ப்பது கடமை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ்கள் இருக்கும். தாத்தாவின் டைரி, அத்தையின் பாட்டு நோட்டு, நின்றுபோன நாடகக் குழுவின் அழைப்பிதழ் இருக்கும். அவற்றை எடைக்குப் போடாதீர்கள். ஒரு நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். ரோஜா முத்தையாவின் அலமாரியும் அப்படித்தான் நிரம்பியது.

அந்த இளைஞருக்கு எங்கள் பதில் இதுதான். தம்பி, அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. உங்களைப் போன்ற எளியவர்கள் சேர்த்தும் பாதுகாத்தும் வைத்த நகரம் இது. படிப்புக்கு நடுவே கண் ஓய்வெடுக்கும் நேரத்தில் ஒருநாள் பக்கத்துக் கட்டடத்துக்குள் போங்கள். அர்த்தநாரீசுவரர் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். அவர் உங்களுக்கும் உரியவர்.