நிழற்படமும் நண்பர்களின் நாவும்

கைப்பேசி இல்லாத மாணவரை நம் கல்லூரியில் இன்று காண்பது அரிது. ஆகவே நிழற்படம் எடுக்காத மாணவரும் அரியர். சென்ற ஆண்டு விழாவின்போது நூலக முன்கூடத்தில் மாணவர் எடுத்த முகப்படங்கள் ஒட்டப்பட்டிருந்ததைப் பலரும் கண்டிருப்பீர்கள். இரண்டு நாளும் அங்கே நின்று, வந்தோர் கூறியவற்றைக் கேட்டேன். பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, "சூப்பர்!" மற்றொன்று, "ஆள் கறுப்பா விழுந்துட்டாரே!" இவ்விரண்டும் விமரிசனம் ஆகா என்பது என் கருத்து.

முன்னது அன்பு, தேநீர் வாங்கித் தருவதைப் போன்றது. நன்றி கூறிப் பெற்றுக்கொள்ளலாம். அதனால் அடுத்த படம் சிறக்கப்போவதில்லை, அவ்வளவே. பின்னதுதான் தீங்கு செய்வது.

நண்பர் ஒருவர் தம் தாயாரின் படத்தை வைத்திருந்தார். களையெடுத்து வந்து, வெள்ளையடித்த சுவரோரம் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாய். முதல் நாள் மாலைக்குள் ஐந்தாறு பேர் நிறத்தைப் பற்றிப் பேசிவிட்டனர். மறுநாள் காலை அப்படம் அங்கே இல்லை. நண்பரே கழற்றிக்கொண்டு போய்விட்டார். படத்தில் குறை இருந்தது உண்மைதான். ஆனால் அக்குறை அந்த அம்மாவின் முகத்தில் இல்லை, பின்னாலிருந்த சுவரில் இருந்தது.

கேமரா தன்முன் உள்ள காட்சி சராசரியாக நடுச்சாம்பல் நிறம் என்று கொண்டே ஒளியை அளக்கிறது. வெள்ளைச் சுவர் படத்தை நிறைத்துவிட்டால், வெளிச்சம் மிகுதி என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். சுவர் மங்கும், முகம் இருண்டுபோகும். முகத்தைத் தானே கண்டறியும் கைப்பேசிகளும் சிலவேளை இதில் ஏமாறுகின்றன. திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுத்திருக்கலாம். அல்லது அம்மாவைக் கதவோரம் சற்று நகர்ந்து உட்காரச் சொல்லியிருக்கலாம். "சுவரை விட்டுத் தள்ளி எடுத்திருந்தால் கண்கள் நன்றாகத் தெரிந்திருக்கும்" என்று ஒருவரேனும் கூறியிருந்தால், அது விமரிசனம். அந்தப் படமும் இரண்டாம் நாள் சுவரில் இருந்திருக்கும்.

கருவிகளும் நடுநிலையானவை அல்ல. வண்ணப் படங்களின் நிறம் சரிபார்க்க, படம் கழுவும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் தந்த மாதிரி அட்டையில் பல்லாண்டுக் காலம் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவர் நிறம் சரியாக வந்தால் படம் சரி! ஸ்டுடியோக்களில் நெகட்டிவின்மேல் பென்சில் தீட்டி முகத்தை மெருகிட்டார்கள். இன்று பல கைப்பேசிகளில் 'அழகு' வசதி அதைக் கேளாமலே செய்துவிடுகிறது. 2021-இல் கூகுள் நிறுவனம் கருநிறத் தோலை உள்ளபடி காட்டும் ஏற்பாட்டைத் தன் பிக்ஸல் 6 கைப்பேசியில் கொண்டுவந்தது. கருவி செய்பவர்களே திருந்தத் தொடங்கிவிட்டார்கள். நாமோ மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை அழகென்று தமிழ் வகுப்பில் படிக்கிறோம். அம்மாமை போய்ப் பசலை படர்ந்ததே என்று வருந்தும் தலைவிக்காக நாமும் வருந்துகிறோம். மணி அடித்ததும் வெளியே வந்து, வெளுப்பில்லையே என்கிறோம்!

படம் பார்ப்பவர் முதலில் தம் கண் எங்கே போய் நின்றது என்று சொல்லட்டும். முகத்துக்குப் போகாமல் பின்னாலிருந்த மின்கம்பத்துக்குப் போயிற்றா? அதைச் சொல்லலாம். மூக்கு பெரிதாகத் தெரிகிறதா? கைநீளத்தில் நின்று எடுத்ததால் வந்த வினை அது; ஐந்தாறடி பின்னால் போகச் சொல்லலாம். மூக்கை ஒன்றும் சொல்ல வேண்டா.

எடுத்தவர்க்கும் ஒரு சொல். பார்ப்பவர் வாய் திறக்குமுன்பே "வெளிச்சம் போதவில்லை, அவசரத்தில் எடுத்தேன்" என்று தொடங்கிவிட்டால் அவர் என்னதான் கூறுவார்? கேட்டுக்கொள்வது வேறு, கேட்டபடியெல்லாம் நடப்பது வேறு. 1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், தம் 48-ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவால் இங்கிலாந்தில் முகப்படங்கள் எடுக்கத் தொடங்கினார். தகட்டில் கறை என்றார்கள். முகங்கள் கூர்மையாக இல்லை என்றார்கள். கறையைக் குறித்தது நியாயமே. ஆனால் அந்த மென்மை அவர் வேண்டிப் பெற்றது. அதை அவர் விடவில்லை. 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, களுத்துறை உழவரையும் படமெடுத்து, 1879-இல் அத்தீவிலேயே மறைந்தார். குறை கூறியோர் பெயர்களை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அடுத்த விழாவில் ஒவ்வொரு படத்தருகிலும் ஒரு நோட்டும், கயிற்றில் கட்டிய பென்சிலும் தொங்கட்டும். "சூப்பர்" என்று எழுதுவோர் காரணத்தையும் ஒரு வரி சேர்க்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் முதல் நாளே வந்து எழுதித் தொடங்கிவைப்பார்களாயின், பென்சில்களைச் சீவி வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.