வளையத்துக்குள் வளையம்

மோர்டனில் டொக்டர் அன்ரிபயோட்டிக் இலேசில் தரமாட்டார் என்று எங்கள் சனம் குறைப்படுகிறது. ஊரிலிருந்து வருபவர்களிடம் சொல்லி சிப்ரோபுளொக்சசின் குளிசை எடுப்பிக்கும் வீடுகளும் உண்டு. அந்தக் குளிசை என்ன செய்கிறது என்று இம்முறை பார்ப்போம்.

எமது கலம் பிரியும்போது கதிர்நார்கள் நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கும். பள்ளிக்கூடத்தில் படம் கீறினோமே! பற்றீரியாவுக்குக் கதிர்நார் இல்லை, கருவும் இல்லை. குடலில் வாழும் ஈ.கோலியை எடுங்கள். அதன் நீளம் மில்லிமீற்றரில் 500இல் ஒரு பங்கு. அதற்குள் மடிந்து கிடக்கும் ஒற்றை நிறமூர்த்தமோ முனையில்லாத வளையம். நீட்டினால் ஒன்றரை மில்லிமீற்றர் வரும். பிரதி எடுத்து முடிந்ததும் இரண்டு வளையங்களும் சங்கிலிக் கண்ணிகள் போலக் கோத்துக்கொண்டு நிற்கும். இழுத்தால் கழராது. ரொப்போஐசோமரேஸ் 4 என்னும் நொதியம் ஒன்றை வெட்டி, மற்றதை அந்த வெட்டுக்குள்ளால் கடத்தி, திரும்ப ஒட்டிவிடும். தொழிற்சாலையில் நாங்கள் வெட்டி ஒட்டினால் தழும்பு தெரியும், இங்கே தெரியாது.

சிப்ரோ பிடிப்பது இந்த நொதியத்தையும் அதன் கூட்டாளியான ஜைரேஸையும்தான். வெட்டியதை ஒட்டவிடாது, பற்றீரியா சாகும். ஆனால் நொதியத்தில் ஒன்றிரண்டு சிறு மாற்றம் வந்தாலே குளிசையின் பிடி வழுகிவிடும். அப்படி மாறியது வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருக்கால் இரட்டிக்கும். கண்டபடி விழுங்கும் குளிசை மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது.

தசைநாண், நரம்புப் பாதிப்புகள் காரணமாக 2024 சனவரி முதல், வேறு அன்ரிபயோட்டிக் பொருந்தாதபோது மட்டுமே இதை எழுதவேண்டும் என்பது பிரித்தானிய விதி. தடிமனுக்கோ இது உதவவே உதவாது. தடிமன் வைரசால் வருவது. அதனிடம் இந்த வளையமும் இல்லை, நொதியமும் இல்லை.