பறையடிக்கிறவங்களுக்கும் கை வலிக்கும்

"தோழர், ஒரு அரை மணி நேரம் வந்து அடிச்சிட்டுப் போங்க. நம்ம நிகழ்ச்சிதானே!"

இந்த வார்த்தையைக் கேட்காத பறையாட்டக் குழு தமிழ்நாட்டில் இருக்காது. அந்த அரை மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டுப் பேர் மத்தியானமே வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். ஆறு மணி நிகழ்ச்சி ஒன்பதுக்குத் தொடங்கும். கூட்டம் சேர ஒரு தடவை, தலைவர் வரும்போது ஒரு தடவை, கூட்டம் கலையாமலிருக்க இன்னொரு தடவை அடிக்க வேண்டும். முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். தோளில் ஒரு சால்வை மிச்சம். விடிந்தால் கொத்து வேலை, பெயின்ட் வேலை. போகாவிட்டால் அன்றைய கூலியும் போச்சு. காசு பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நம்ம நிகழ்ச்சியாச்சே!

நமது நாள்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 14 அண்ணலின் பிறந்தநாள், டிசம்பர் 6 நினைவுநாள். 1957-ல் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்ட செப்டம்பர் 11. 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட டிசம்பர் 25. 1997-ல் மேலவளவு, ஜூன் 30. 1999-ல் தாமிரபரணியில் 17 உயிர்கள் போன ஜூலை 23. எல்லா நாளும் பறை முழங்கியாக வேண்டும், சில நாள் இரண்டு மூன்று ஊரில். இடையில் புத்தக வெளியீடு, கல்லூரி விழா, பயிற்சி முகாம், தோழர் வீட்டுக் கல்யாணம்.

தோள்பட்டை இறங்கிப்போகிறது. குச்சி பிடிக்கிற விரல் காய்த்து வெடிக்கிறது. பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டினால், அடுத்த ஊருக்குள் சரியாகிவிட வேண்டும். இதெல்லாம் வெளியே தெரிகிற நோவு. உள்ளே பறையைப் பார்த்தாலே ஒரு கசப்பு வந்து உட்காருகிறது. பதினைந்து வயதில் ஆசையாய்க் குச்சி பிடித்த பிள்ளை, முப்பது வயதில் பறையை ஆணியில் மாட்டிவிட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போகிறான். "அவன் இயக்கத்தை விட்டுட்டான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஓய்ந்துபோய் உட்கார்ந்தவனை ஓடுகாலி என்கிறோம். ஓயவைத்தது யார்?

பத்திரிகைகள் இதற்கு வைத்தியம் சொல்கின்றன. மூச்சுப் பயிற்சி செய், நேரத்தைத் திட்டமிடு, நாலு நாள் மலைக்குப் போய் வா. கூலியில்லாதவன் எந்த மலைக்குப் போவான்? தனிமனித மனக்கோளாறாக இதைப் பார்ப்பதே மோசடி. கூப்பிட்ட நேரத்துக்கு வரணும், கூலி கேட்கக்கூடாது. இதற்குச் சேரியில் பழைய பேர் உண்டு: வெட்டி.

ஊர்ச் சாவுக்கு விடிய விடிய அடித்து, சோறும் சில்லறையும் வாங்கித் திரும்பிய பாட்டன்கள் நமக்கு உண்டு. "இனி அடிக்க மாட்டோம்" என்று பறையை உடைத்து, அதற்காக உதைபட்டவர்களும் உண்டு. இழிவின் கருவியை விடுதலையின் கருவியாக்கினோம் என்று மேடையில் முழங்குகிறோம். கருவிக்குக் கிடைத்த மரியாதை அடிக்கிற கைக்குக் கிடைத்ததா? 2025-ல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது, கொண்டாடினோம். விருது ஒருத்தருக்கு வரும். பஸ் காசு எல்லாருக்கும் வேணும்.

ராத்திரி பகலென்று பார்க்காமல் கூப்பிட்டபோதெல்லாம் ஓடவேண்டிய மகர் வதன் ஊழியத்தை எதிர்த்து, 1928-ல் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தவர் அம்பேத்கர். தொழிற்சாலை வேலையை வாரத்துக்கு 48 மணி நேரமாக்கி 1946-ல் சட்டம் திருத்தப்பட்டதற்கு முன்னின்ற தொழிலாளர் துறை உறுப்பினரும் அவர்தான். அவர் படத்துக்குக் கீழேயே நிற்கவைத்து நேரங்கெட்ட நேரம்வரை சும்மா அடிக்கச் சொல்கிறோமே, இது என்ன அம்பேத்கரியம்?

"இயக்கத்துக்கிட்ட காசு ஏது?" என்பார்கள். மைக்செட்காரரிடம் இப்படிச் சொன்னோமா? பந்தல்காரரிடம், பிளக்ஸ் கடையில், தலைவரின் காருக்கு டீசல் போட்ட பங்கில் சொன்னோமா? எல்லாருக்கும் கூலி உண்டு, சேரிக் கலைஞனுக்கு மட்டும் உணர்வு இருந்தால் போதுமா? கூலிக்காரச் சனங்கள் பத்தும் இருபதும் போட்டு நடத்துகிற கூட்டமென்றால், அதை முன்கூட்டியே சொல்லுங்கள். சும்மா வருவதா வேண்டாமா என்பதைக் கலைஞர்கள் முடிவு செய்யட்டும். கொடுக்கிறது வேற, பிடுங்குறது வேற.

கலைஞர்களுக்கும் ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும். சும்மா அடிப்பது மாதத்துக்கு எத்தனை தடவை என்று குழுவாக உட்கார்ந்து தீர்மானியுங்கள். மற்றதற்குக் கூலியும் நேரமும் முதலிலேயே பேசுங்கள். வண்டிக் காசு கைக்கு வராமல் வண்டியேறாதீர்கள். "முடியாது" என்பதைக் குழுவே சேர்ந்து சொல்லட்டும், தனியாளாய்ச் சொன்னால் துரோகிப் பட்டம் கட்டிவிடுவார்கள். பறையைக் காய்ச்சுகிறவருக்குத் தெரியும், அளவாய் அனல் காட்டினால்தான் தோல் முறுக்கேறும். மீறினால் கருகும். ஆளும் அப்படித்தான்.

அடுத்த ஏப்ரல் 14-க்கு வசூல் நோட்டு போடும் தோழர்களே, மைக்செட்டுக்கு முன்பணம் எழுதுகிற அதே பக்கத்தில் பறைக்குழுவுக்கு எவ்வளவு என்றும் எழுதுங்கள். எழுத மனமில்லையென்றால், பறை இல்லாமல் கூட்டத்தை நடத்திப் பாருங்கள்.